கடைசி வருஷத்துப் பிள்ளையாண்டான்

“இதான் கடைசி டீ, பெரியப்பா!” என்று என்னிடம் தழுதழுத்த குரலில் சொல்லிக்கொண்டே அவன் மூன்றாவது கிளாஸுக்குக் கையை நீட்டுவான். எங்கள் ஊரான சிறுவாச்சூரின் பேருந்து நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு நிற்கிற பழக்கமுள்ள எவருக்கும் இந்தப் பிரகிருதியை நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே ஒரு நோட்டுப் புஸ்தகத்தைச் சுமப்பதற்கென்று ஒரு பிரம்மாண்டமான பை, பெயர் தெரியாதபடி திருப்பிப் போட்ட அடையாள அட்டை, முகத்திலே, மகளைப் புக்ககத்தில் விட்டுவிட்டு ஊர் திரும்பும் தகப்பனிடத்திலும் காணக் கிடைக்காத பிரிவாற்றாமை ஆகிய இத்தனை லட்சணங்களும் எவனிடத்தில் ஒருங்கே பொருந்தியிருக்கின்றனவோ அவனே கடைசி வருஷத்துப் பிள்ளையாண்டான். கல்லூரி முடிவதற்கு இன்னும் ஐந்து மாதம் கிடக்கிறது என்பதையும், அந்த ஐந்து மாதத்துக்குள் எழுதவேண்டிய பரீட்சைகளும் முடிக்கவேண்டிய ப்ராஜெக்டும் காத்திருக்கின்றன என்பதையும் யாராவது ஞாபகப்படுத்தினால் அவனுக்குப் பிடிப்பதில்லை. பொங்கல் கரும்பின் சக்கை வாசலில் காய்வதற்கு முன்னரே விடைபெற ஆரம்பித்துவிடுகிறவனிடம் காலண்டரைக் காட்டுவது அவ்வளவு நாகரிகமான காரியமும் அல்ல.

நம்மைப் போன்ற சாமானிய ஜனங்களுக்கு ஒரு காரியம் நடந்து முடிந்து, வெகு காலம் கழிந்த பிற்பாடுதான், அதுவும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான், அன்று நடந்தது கடைசித் தடவை என்பது புலப்படும். இவனுக்கோ காரியம் ஆரம்பமாகுமுன்னரே புலப்பட்டுவிடுகிறது. கல்லூரி முற்றத்தில் பானை வைத்தது கடைசிப் பொங்கல். அதற்கு அடுத்த வாரம் எழுதியது கடைசி இன்டர்னல். முதல் வருஷத்திலே எந்தப் பெண்ணின் அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதினானோ அதே பெண்ணின் அசைன்மென்ட்டைப் பார்த்து, பழைய பந்தத்தை முன்னிட்டு அவளுடைய எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்தாமல் எழுதியது கடைசி அசைன்மென்ட். ஆய்வகத்து உதவியாளரிடம் வாங்கியது கடைசி வசவு. துறைத் தலைவர் வகுப்பிலிருந்து வெளியே போகச் சொன்னது கடைசி வெளியேற்றம். இந்த வெளியேற்றம் தானாக வந்து வாய்த்ததல்ல. நான்கு வருஷமாகப் பழகிப்போன ஓர் அனுபவம் முறையான முடிவில்லாமல் நின்றுவிடலாகாதே என்ற கவலையினால், அன்றைக்கென்று முதல் பெஞ்சிலே போய் உட்கார்ந்து, வாய்விட்டுக் கொட்டாவி விட்டு அதைச் சம்பாதித்ததாக அவனே என்னிடம் பெருமையோடு தெரிவித்தான். கட் அடிக்கிற விஷயத்தில் அவனுடைய சிரத்தை இன்னும் அதிகம். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று விதி இருக்கிறபடியால், கடைசிக் கட் ஜனவரியிலேயே நடந்து முடிந்தது. பிப்ரவரியில் நடந்தது நிஜமாகவே கடைசி. மார்ச்சில் நடந்ததற்கு மருத்துவரின் சான்றிதழ் தேவைப்பட்டது.

இவற்றையெல்லாம் அவன் தன் மனத்தோடு வைத்துக்கொண்டிருந்தால் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒவ்வொரு கடைசியையும் அவன் படமெடுத்து, பின்னணியிலே ஒரு சோக கீதத்தைச் சேர்த்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றிவிடுகிறான். என்னுடைய கைபேசி எண் எந்த துர்நட்சத்திரத்திலோ அவனிடம் அகப்பட்டுவிட்டபடியால் அத்தனையும் என் பார்வைக்கு வந்து சேருகின்றன. ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தால், பாதி கடித்த மெதுவடை. வடையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த செய்தித்தாள் துணுக்கில் சேலம் ஜவுளிக்கடை விளம்பரத்தின் கால்பாகம். அதற்குக் கீழே, இதயம் நொறுங்கிய பொம்மைகள் நான்கு. இன்னொரு நாள், பாலாடை அடியில் உறைந்துபோன வெறும் கிளாஸ். டீக்கடைக்காரர் மட்டும் இந்தச் சோகத்தில் கலந்துகொள்வதில்லை. “கடைசின்னா கணக்கைத் தீர்த்துட்டுப் போ, தம்பி” என்று அவர் ஒரே வாக்கியத்தில் விஷயத்தின் மர்மஸ்தானத்தைத் தொட்டபோது, “அதான் பெரியப்பா இருக்காரே!” என்று அவன் சொன்ன பதிலில் குருபக்தி, பந்துபாசம், எதிர்காலத்தில் நம்பிக்கை ஆகிய மூன்றும் கலந்திருந்தன.

எங்கள் ஊர் மதுரகாளியம்மன் வாரத்தில் திங்களும் வெள்ளியுமே கோயிலில் காட்சி கொடுப்பவள். விசேஷ தினங்கள் தவிர மற்ற நாட்களிலே பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள் என்பது ஐதீகம். அதனாலேயே அந்த இரண்டு நாளும் நெடுஞ்சாலையில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. தெய்வமே தன்னைத் தேடவைக்கும் ரகசியத்தை இவ்வாறு அறிந்து வைத்திருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தும், இவன் ஏழு நாளும் விடைபெறுகிறான்.

தொழிற்சாலைகளை நேரிலே கண்டு அறிவு பெறவேண்டும் என்ற உயர்ந்த உத்தேசத்தோடு கல்லூரிகள் ஏற்பாடு செய்யும் பிரயாணம் ஒன்றுண்டு, ஐ.வி. என்பார்கள். இதே நெடுஞ்சாலையில் தெற்கே சிறிது தூரம் போனால் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர்த் தொழிற்சாலை இருக்கிறது. எறையூரில் வெகு காலமாகச் சர்க்கரை ஆலை ஓடுகிறது, இப்போது காலணித் தொழிற்பூங்காவும் வந்திருக்கிறது. அரியலூர்ப் பக்கம் திரும்பினாலோ சிமெண்டு ஆலைப் புகைபோக்கிகள் வழிநெடுகத் தென்படுகின்றன. இத்தனையையும் விட்டுவிட்டு இவர்களுடைய பேருந்து கொடைக்கானலுக்குப் போகிறது. அங்குள்ள ஏரியில் எந்தத் தொழிற்சாலை மிதக்கிறது என்று நான் கேட்டதற்கு, “இது கடைசி ஐ.வி., பெரியப்பா” என்பதே விடையாக வந்தது. அந்த யாத்திரைக்கு ஐந்நூறு ரூபாயும், மலையிலே மழை பெய்யுமாமே என்று என் குடையும் அவனோடு போயின. அவன் திரும்பி வந்தான்.

கடந்த காலத்தைப் பற்றி அவன் பேசும் தோரணையைக் கேட்டவர்கள், பல்லவர் காலத்துக்கும் சோழர் காலத்துக்கும் இடையிலே எங்கேயோ அவன் முதலாண்டு படித்திருப்பான் என்று நினைக்கக்கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு சாத்தனூர்க் கல்மரத்தண்டை போனான். கடல் இந்தச் சீமையை மூடியிருந்த யுகத்திலே அடித்துவரப்பட்டு, மண்ணுக்குள் புதைந்து, அணு அணுவாகக் கல்லாகிப்போன மரம். 18 மீட்டர் நீளம். வயது சுமார் 12 கோடி வருஷம். புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்குத் தெரியப்படுத்தினார். அப்பேர்ப்பட்ட பதார்த்தத்தைச் சுற்றியிருந்த வேலியில் சாய்ந்துகொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டியவாறு, “ஃபர்ஸ்ட் இயர்ல இங்க வந்தோம், பெரியப்பா. அதெல்லாம் ஒரு காலம்!” என்று அவன் விட்ட பெருமூச்சை அந்த மரம் எவ்விதம் எடுத்துக்கொண்டதோ, என்னால் சொல்ல முடியாது. முதலாண்டில் என்னதான் நடந்தது என்று விசாரித்தேன். வண்டி பஞ்சர் ஆயிற்றாம். சக்கரத்தைக் கழற்றிப் பாடாலூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார்களாம். அன்றைக்கு யாரோ ஒருவனைத் திட்டியதையும், அவன் பதிலுக்குத் திட்டியதையும், இருவரும் ஒரே எலுமிச்சை சோடாவைப் பங்கிட்டுக் குடித்ததையும் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

வருங்காலத் திட்டங்களைப் பொறுத்தவரையில், கேட்பவருக்கு எது திருப்தியோ அதுவே அவனுடைய லட்சியம். என்னிடத்தில் அரசாங்க வேலைக்கான குரூப் ஒன்; பேராசிரியரிடத்தில் எம்.ஈ.; மாமனிடத்தில் துபாய்; சிநேகிதர்களிடத்தில், அனைவரும் கூட்டாகப் பெரம்பலூரில் திறக்கப்போகும் பிரியாணிக் கடை; தாயாரிடத்தில், “உன்னை விட்டுட்டு எங்கேயும் போகமாட்டேம்மா.” வாஸ்தவத்தில் அவனுடைய மேஜையின் மேல் கிடப்பதோ, பத்தாம் வகுப்புத் தேறியிருந்தாலே விண்ணப்பிக்கக்கூடிய குரூப் நான்குக்கு உரிய புஸ்தகம், 200 கேள்வி, 300 மதிப்பெண். பொறியியல் படித்தவன் மறுபடியும் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைப் புரட்டுகிறான் என்பதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லாதபடியால் மேலே செல்கிறேன்.

மே மாதத்தில் ஒரு நாள் உண்மையாகவே எல்லாம் முடிந்தது. அன்றைக்கு வெள்ளைச் சட்டை அணிந்து போய், முதுகிலும் மார்பிலும் கைமடிப்பிலும் சிநேகிதர்கள் அத்தனை பேரிடமும் கலர் பேனாவால் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, நடத்துநர் மூன்று தடவை விசில் ஊதிய பிற்பாடே பேருந்தில் ஏறி வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் விடியற்காலையில் அவன் தாயார், பிள்ளையின் புதுச் சட்டை இப்படிப் பாழாய்ப் போயிற்றே என்ற ஆதங்கத்தில், அதைச் சோப்புப் பவுடரில் ஊறப்போட்டு, கல்லிலே அடித்து, நீலம் முக்கி, வெளுத்த வெளுப்பாகக் கொடியில் உலர்த்திவிட்டாள். அந்த வீட்டிலே அன்று எழுந்த ஓலம் கோயில் வரை கேட்டிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எல்லோரும் திரும்பவும் கூடி இரண்டாவது சட்டையில் கையெழுத்திட்டார்கள். அதுவும் கடைசிதான்.

அத்துடன் விட்டது என்று நினைத்தவர்கள் சிறுவாச்சூர்ப் பேருந்து நிறுத்தத்தை அறியாதவர்கள். ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, தேர்முட்டியில் நிலைக்கு வந்த தேரைப்போல அசையாமல் அவன் அதே இடத்தில் நின்றான். நோ டியூ வாங்கவேண்டுமாம். நூலகம், ஆய்வகம், விடுதி, விளையாட்டு, பேருந்து என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, இவன் எங்களுக்கு எதுவும் பாக்கி இல்லை என்று ஒவ்வொரு பிரிவினரும் கையொப்பமிட்டால்தான் மாற்றுச் சான்றிதழ் கிடைக்கும். முதல் செமஸ்டரில் எடுத்த கணிதப் புஸ்தகத்தைக் கண்டுபிடிப்பதற்கே ஒரு வாரம் ஆயிற்று. நூலகர் இருக்கும் நாளில் ஆய்வகத்தார் இருப்பதில்லை. ஆய்வகத்தார் வந்த அன்று விடுதிக் காப்பாளர் கல்யாணத்துக்குப் போய்விடுகிறார். அப்புறம் நன்னடத்தைச் சான்றிதழ். எல்லாப் பாடங்களும் தேறினால், எல்லாச் செமஸ்டர்களையும் சேர்த்த மதிப்பெண் பட்டியல். மறுவருஷம், வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வியர்வை வடிய உட்காரும் பட்டமளிப்பு விழா. விடைபெற்ற இடத்துக்கு மறுபடியும் மறுபடியும் போய்க்கொண்டே இருக்க நேரும் இந்த விசித்திரத்தில் அவனுக்குச் சிறிதும் லஜ்ஜை தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக விடைபெற்றுக்கொள்கிறான்.

அந்த நோ டியூ காகிதத்தை நான் மிகவும் கவனமாகப் படித்துப் பார்த்தேன். டீக்கடைக்கு அதில் கட்டம் இல்லை. குடைக்கும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே, தேறாமல் நிற்கும் பாடமாகிய அரியர் இருக்கிறது. 2020-ஆம் வருஷத்து ஆகஸ்டு மாதத்தைப் பற்றி அவன் பேசும்போது, ராமராஜ்யத்தைப் பற்றிப் பாகவதர்கள் பேசும் பரவசம் அவன் முகத்தில் படரும். அரியர் எழுதப் பணம் கட்டியிருந்தவர்கள் எல்லோரும் பரீட்சை எழுதாமலேயே தேறியவர்களாகக் கருதப்படுவார்கள் என்று அப்போது அரசாங்கம் அறிவித்ததும், ஊருக்கு ஊர் நன்றிச் சுவரொட்டிகள் முளைத்ததும், பின்னர் விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குப் போய், பரீட்சை இல்லாமல் தேர்ச்சி இல்லை என்று ஆனதும் அனைவரும் அறிந்ததே. இவன் அந்தச் சரித்திரத்தின் முற்பகுதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான்.

அதே 2020-லேதான் அவனுடைய தமையன் படிப்பை முடித்தான். மார்ச்சு மத்தியில், மாதக் கடைசி வரைக்கும் விடுமுறை என்று சொல்லி விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். பதினைந்து நாளில் திரும்பப் போகிறோமே என்று வாளியையும் தலையணையையும் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஊருக்கு வருகிற அவசரத்தில் அந்தப் பிள்ளை பேருந்தைப் பிடித்தான். அப்புறம் அந்த விடுதியை அவன் பார்க்கவே இல்லை. கடைசிப் பரீட்சையைச் செப்டம்பரில், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சிக்னல் கிடைத்த இடத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, கைபேசியிலே எழுதினான், எழுதி முடித்துக் கீழே இறங்கி வந்து மோர் கேட்டான், பட்டதாரியாகிவிட்டான். சிநேகிதர்களில் இரண்டு பேரை இன்றுவரை நேரில் காணவில்லை என்று ஒரு தீபாவளிக்கு வந்தபோது எங்கள் திண்ணையில் சொன்னான். அப்போது பள்ளிக்கூடத்துப் பையனாகப் பக்கத்தில் உட்கார்ந்து, மத்தாப்பு நனைந்துவிட்டதே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த நம் பிள்ளையாண்டான் இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டான் என்று நான் நினைக்கவில்லை. எந்தக் கடைசியும் தன்னை ஏமாற்றிவிட்டுப் போய்விடக்கூடாது என்று அப்போதே தீர்மானித்தானோ என்னவோ! வடையையும் கிளாஸையும் அவன் படமெடுப்பதைப் பார்க்கும்போது, சில நாட்களில், வாயைத் திறக்காமல் டீக்கு நானே காசு கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் எல்லா நாட்களிலும் அல்ல. இவனுடைய படிப்புச் செலவு ஞாபகத்துக்கு வந்தால் என் கை பைக்குள் போவதில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்று 2010-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்பாடு செய்தது. அதற்குரிய சான்றிதழைத் தமையன் வாங்கிக்கொண்டுவிட்டபடியால், இவன் வெறும் இரண்டாம் பட்டதாரி. இவனுக்கு முழுக் கட்டணம். இவனுடைய தகப்பனார் சின்ன வெங்காயம் போடுகிறவர். வெங்காயம் விலை இறங்கிக் கிடக்கும்போது அதை விற்காமல், மூங்கில் கட்டி ஓலை வேய்ந்து, காற்றோட்டமாகப் பட்டறை போட்டு, விலை ஏறும் வரையில் காத்திருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். காத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பயிரில் நாலு காசு. இவன் சேர்ந்த நாள் முதலாக அந்த மனிதர் ஒரு பட்டறையையும் காத்திருந்து பிரித்ததில்லை; செமஸ்டருக்குச் செமஸ்டர், கட்டணம் கட்டும் கடைசித் தேதி எதுவோ அதுவே வெங்காயம் விற்கிற தேதி. இது போதாதென்று, பிரிவுபசார விழாவுக்குக் கோட்டு தைக்கவேண்டும் என்றான். சிறுவாச்சூரில், ஏப்ரல் மாதத்தில், கோட்டு! கொத்தவால் போலக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு அவன் எடுத்துக்கொண்ட படத்தைத் தகப்பனார் கையிலே வாங்கி, வெயிலுக்கு மறைத்துப் பார்த்து, “நல்லா இருக்குய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சுக்கு ஏற்காது.

நான் அடுத்த வீட்டுப் பையனை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதாக யாரும் எண்ணவேண்டாம். தமிழ்நாட்டில் கல்லூரி இருக்கிற ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு வர்க்கத்தையே குறிப்பிடுகிறேன். அந்த வர்க்கத்தினருக்கு இந்த மாதக் கடைசியில் ஓர் அரியர்ப் பரீட்சை இருக்கிறது. அது தேறவேண்டும் என்று அந்த வர்க்கத்தின் தாயார் மதுரகாளியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். கோயிலிலேயே அரிசியை ஊறவைத்து, அங்கேயே உரலிலிட்டு இடித்து, அந்த மாவில் விளக்கேற்றுவது இங்கே சம்பிரதாயம். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் உலக்கையை யார் பிடிப்பது என்ற பிரஸ்தாபம் நேற்று எங்கள் வீட்டு வாசலில் எழுந்தது. அந்த அம்மாளுக்குத் தோள்பட்டை வலி. தகப்பனார் மருந்தடிக்கப் போகவேண்டும். பையனுக்கு அன்றைக்குச் சிநேகிதர்களோடு கடைசிக் கூட்டுப் படிப்பு. என் மனைவி என்னைப் பார்த்தாள். வெல்லம் வாங்கி வரும் பொறுப்பை மாத்திரம் அவன் மனமுவந்து ஏற்றுக்கொண்டிருக்கிறான். அதற்கு உண்டான காசையும் போகிற போக்கில் என்னிடமே வாங்கிக்கொண்டு போனான்.